சத்தம் வராத பலகை

எழுபதைத் தாண்டிய நம் கூட்டத்தில் யாராவது பழைய கதை எழுத உட்கார்ந்தால், 'அந்தக் காலத்தில் எங்களுக்குள் பொறாமை என்பதே கிடையாது' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு இல்லாமல் இருந்திருக்கலாம் சாமி. எனக்கு இருந்தது. பதினோரு வயதில், சித்தூரில், ஒரு பள்ளிக்கூட வருஷம் முழுக்க, வயிற்றில் பச்சை மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. அதுவும் யார் மேல்? என்னைவிட மூன்று வயது சின்னவள், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவள், என் தங்கை மேல்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்பது மட்டும் தீரவில்லை. தெருவில் இரண்டு நாளைக்கு ஒரு ஊர்வலம் போகும். தமிழில் ஒரு கூட்டம் கத்தும், தெலுங்கில் இன்னொரு கூட்டம் அதைவிட ஓங்கிக் கத்தும். கத்துகிறவன் பக்கம்தான் ஊர் போகும் என்று பெரியவர்களே நம்பிய காலம் அது.

எங்கள் நைனாவுக்கு சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை. கிராமப் படங்களை மெல்லிய துணியில் பிரதி எடுப்பார். எல்லைக் கோடு தடிப்பாக வரும், வயல் வரப்பெல்லாம் முடி மாதிரி வரும். அதற்கென்று மூன்று பேனா வைத்திருந்தார், எங்களைத் தொட விடமாட்டார். அம்மாவின் ஊர் நகரிக்குப் பக்கம். தாய்மாமன் ஒருநாள் ஒரு மூட்டை மாங்காயோடு வந்து இறங்கினார்.

"மாமா, நீதானே கோடு போடற. எங்க ஊரை கொஞ்சம் மெட்ராஸ் பக்கமா தள்ளி போட்டுடேன். உனக்கு ஒரு இழுப்புதானே."

நைனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "டேய், மேல இருக்கறவன் போட்ட கோட்டைத்தான்டா நான் திருப்பி போட்டுக்கினு கீறேன்" என்றார். மாமன் நம்பவே இல்லை. போகும்போது அம்மாவிடம், "உன் வூட்டுக்காரரு மனசு வெக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாங்காய் ஊறுகாயானது. நைனாவின் கோடு எங்கிருந்ததோ அங்கேயே இருந்தது.

நானும் தங்கையும் மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் செக்‌ஷன். அங்கே ஜெப ஹாலில் ஒரு பியானோ இருந்தது. பச்சைக் கம்பளித் துணி போர்த்தியிருக்கும். துணியை விலக்கினால் ரசக்கற்பூர உருண்டையின் வாசனை குப்பென்று வரும். வெள்ளைக் கட்டைகள் வயசான பல் மாதிரி மஞ்சளாகியிருந்தன. நடுவில் ஒரு கட்டை மட்டும் எப்படி அழுத்தினாலும் பேசாது. பாட்டில் அது வருகிற இடத்தில் பியானோ டீச்சர் வாயால் பாடி நிரப்புவார்.

டீச்சர் வேலூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் ஆகாதவர். வெள்ளைப் புடவை, காலர் வைத்த ரவிக்கை, பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பார். வருஷத்துக்கு நாலைந்து பெண்களுக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பார். நைனா வாலிபத்தில் எங்கோ முகாம் போனபோது, துரை பங்களாவுக்குள்ளிருந்து பியானோ சத்தம் கேட்டு வேலியோரம் நின்றுவிட்டாராம். அந்த ஆசையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

முதல் நாளே மானம் போயிற்று. ஹாலில் பியானோவுக்குப் பக்கத்திலேயே ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. அதை நாங்கள் தினமும் பார்த்தோம். காலால் மிதித்தால் காற்று ஏறும், காற்று ஏறினால் சத்தம் வரும், ஓங்கி மிதித்தால் ஓங்கி வரும். பியானோவுக்கு அடியிலும் இரண்டு பித்தளை மிதி பளபளவென்று தெரிந்தது. நான் உட்கார்ந்ததும் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி இரண்டையும் மாற்றி மாற்றி மிதிக்க ஆரம்பித்தேன். பின்னால் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சத்தம் விரல்ல இருக்குது பிள்ளே, காலுல இல்ல" என்றார் டீச்சர்.

காலை எடுத்துவிட்டேன். ஆனால் புத்தி அதை விடவில்லை. சத்தத்தின் அளவைக் கீழே எதுவோ பார்த்துக்கொள்கிறது, விரலுக்கு அடிப்பது ஒன்றுதான் வேலை என்று ஒருதரம் மண்டையில் ஏறிவிட்டது. நோட்டில் டீச்சர் பென்சிலால் 'பி' என்று எழுதினால் மெதுவாக வாசிக்க வேண்டும், 'எஃப்' என்று எழுதினால் பலமாக. நான் இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தேன். தப்பில்லாமல், தாளம் பிசகாமல், ஓங்கி. வாசித்து முடித்ததும் டீச்சர் "போதும்" என்பார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தங்கை வீட்டுக்குத் தனியாகப் போகமாட்டாள் என்பதால் நான் வாசிக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் டீச்சர் எதற்கோ வெளியே போனார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது உள்ளே பியானோ கேட்டது. என் பாடம்தான். ஆனால் யாரோ பக்கத்து அறையிலிருந்து நடந்து வந்து, கிட்ட வந்து பேசிவிட்டு, மறுபடி தூரம் போகிற மாதிரி இருந்தது. வாசலில் டீச்சர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் காலி. என் தங்கை, எட்டு வயது, உட்கார்ந்தால் கை எட்டாது என்று நின்றுகொண்டே வாசித்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள். "அக்கா, மெல்லமா தொட்டா மெல்லமா பேசுதுக்கா. நைனா வரப்புக்கு ஒரு பேனா, எல்லைக்கு ஒரு பேனா வெச்சிக்கினு போடறாரே, அது மாதிரி" என்றாள்.

டீச்சர் அவள் பக்கத்தில் போய் நின்று சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "இன்னொரு தரம் வாசி."

எனக்குப் 'போதும்'. அவளுக்கு 'இன்னொரு தரம்'. அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் விளங்கியது.

அதற்குப் பிறகு டீச்சர் அவளையும் சேர்த்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள், எனக்குக் கால்மணி, அவளுக்குக் கால்மணி. என் கால்மணி நேரத்தில் டீச்சர் நோட்டுத் திருத்துவார். அவளுடைய கால்மணி அரைமணி ஆகும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அவள் கையைப் பிடிக்காமல் வேகமாக நடப்பேன். அவள் "அக்கா, இருக்கா" என்று ஓடிவருவாள். ஒருநாள் வேண்டுமென்றே மாதா கோயில் திருப்பத்தில் ஒளிந்துகொண்டு அவளை அழவிட்டேன். அந்த அழுகையைக் கேட்க நன்றாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டில் பியானோ ஏது? நைனா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேலோடு ஹாலுக்கு வந்து கட்டைகளை அளந்துகொண்டு போனார். பலாப்பலகை ஒன்றை இழைத்து, கழித்துப்போட்ட கிராமப் படத்தைப் பின்பக்கம் மேலே தெரிய அதில் ஒட்டி, கறுப்பு மசியால் கட்டைகளை அப்படியே வரைந்துவிட்டார். ஒரு நூல்கூடப் பிசகு இருக்காது. அதன் மேல்தான் நாங்கள் சாதகம் செய்தோம். சாயங்காலம் அவர் ஒரு மூலையில் துணியில் கோடு போட்டுக்கொண்டிருப்பார், நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பலகையில் வாசிப்போம்.

இங்கேதான் வினை வந்தது. நான் பலகையில் வாசித்தால் டொக் டொக் டொக்கென்று தெருமுனை வரை கேட்கும். தங்கை வாசித்தால் ஒன்றும் கேட்காது. பூனை நடக்கிற சத்தம்கூட வராது. நைனா குனிந்த தலை நிமிராமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பேனா வைத்துத் தடிப்பும் மெல்லிசுமாகக் கோடு போடுகிற மனிதர், காதுக்கு மட்டும் ஒரு பேனாதான் வைத்திருந்தார்.

"பெரியவ நல்லா சாதகம் பண்றா" என்றார் ஒருநாள் அம்மாவிடம். "சின்னவளுக்குத்தான் மணிக்கட்டுல பலமே இல்ல போல கீது. தொட்றாளா இல்லையான்னே தெரியல."

"கொய்யா மரத்துல இருந்து வியிந்தாளே, அதுல இருந்து இருக்குமோ?" என்றாள் அம்மா. இரண்டு மாதம் முன்னால் பள்ளிக்கூடக் கொய்யா மரத்திலிருந்து தங்கை விழுந்தது உண்மைதான். முழங்கையில் சிராய்ப்பு. மூன்றாம் நாளே ஆறிவிட்டது.

அன்று நான் இரண்டு தோசை கூடத் தின்றேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் டீச்சர் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார். தமிழ் செக்‌ஷன் மேல் வகுப்புக்கு இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லையாம். அவர் ஜூனில் வேலூரில் வேறொரு பள்ளிக்குப் போகிறாராம். கூட ஒரு பெண்ணை அழைத்துப்போகலாம், விடுதியில் சும்மா வைத்துக்கொள்வார்கள், அங்கே நல்ல பியானோ இருக்கிறது, ஊமைக் கட்டை கிடையாது. என்னைத்தான் சொல்லப் போகிறார் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆண்டு விழாவுல உன் தங்கச்சி வாசிக்கட்டும். நீ பக்கத்துல நின்னு தாள் திருப்பு. உங்க நைனாவை வரச் சொல்லு, அவளை வேலூருக்குக் கூட்டிட்டுப் போறதைப் பத்திப் பேசணும். ஞாபகமா சொல்லுவியா?"

"சொல்றேன் டீச்சர்" என்றேன்.

சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தங்கை பலகையில் சத்தமில்லாமல் ஆண்டு விழாப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். நைனா கோட்டை நிறுத்திவிட்டு அவள் மணிக்கட்டையே பார்த்தார். அப்போது என் வாயில் அது வந்தது. யோசித்து வந்ததா, தானாக வந்ததா என்று கேட்காதீர்கள். எழுபது வயது வரைக்கும் நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நைனா, அவளுக்கு கை வலிக்குது. தூக்கத்துல முனகுறா. நான் பக்கத்துலதானே படுத்துக்கினு கீறேன்."

தங்கை பலகையிலிருந்து தலை தூக்கினாள். "வலிக்கலையே" என்றாள்.

"பயந்துக்கினு சொல்றா" என்றார் நைனா.

எங்கள் பக்கத்தில் எலும்பு என்றால் புத்தூர்தான். டாக்டரிடம் போவதற்கு முன்னாலேயே புத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கார்வேட்டிநகரம் வழியாகப் போகிற பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் போனோம். என்னை எதற்கு அழைத்துப்போனார்கள்? எங்கே வலி என்று நான்தானே சொல்ல வேண்டும்!

கட்டுப் போடுகிற இடத்தில் பெரிய கூட்டம். மரத்தடியில் மாட்டு வண்டிகள். முட்டை வாசனையும் பச்சிலை வாசனையும் கலந்து மூக்கைத் துளைத்தது. காலொடிந்த பெரியவர்கள் 'அய்யோ அம்மா' என்றார்கள். பிள்ளைகளோ ஒன்றுவிடாமல் 'வலிக்கல, வலிக்கல' என்று கத்தின. வலிக்கிறது என்று சொன்னால் அழுத்திப் பிடித்து இழுப்பார்கள் என்று அதுகளுக்குத் தெரியும். ஒரு பையன் கை கோணலாகத் தொங்க, "வலிக்கல நைனா, வூட்டுக்குப் போலாம்" என்று அழுதான். எங்கள் நைனா என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்கிற மாதிரி தலையாட்டினார். அந்த இடத்தில் போய், வலிக்கல என்று என் தங்கை சொன்னால் யார் நம்புவார்கள்?

கட்டுக்காரர் வயசானவர். அவள் கையை எடுத்து விரல் விரலாக, மணிக்கட்டு, முழங்கை என்று மெதுவாக நீவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஏமி லேது, ஒண்ணுமில்ல. எலும்பு நல்லா கீது" என்றார். "யாரு சொன்னது வலின்னு?"

நைனா என்னைப் பார்த்தார். கட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். அந்த நிமிஷம் நான் 'தெரியல' என்று சொல்லியிருந்தால் போதும், அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பியிருப்போம்.

"ராத்திரியில முனகுறா" என்றேன்.

"பகலெல்லாம் நல்லாதான் கீறா. ஆனா கையில பலம் இல்ல. நானே பாத்துக்கினுதான் வரேன்" என்று நைனாவும் சேர்ந்துகொண்டார். "ஒரு கட்டு போட்டுடுங்க. பொம்பளைப் பிள்ளை, நாளைக்கு குடம் தூக்கணும்."

கட்டுக்காரர் யோசித்தார். "தூக்கத்துல முனகுதுன்னா உள்ளே சுளுக்கு கிளுக்கு இருக்கலாம். பதினஞ்சு நாளு கட்டு இருக்கட்டும். கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது. கை பேசியதை அவர் சரியாகத்தான் கேட்டார். நாங்கள்தான் அதற்கு மேல் பேசினோம்.

பச்சிலை விழுதும் முட்டை வெள்ளையும் தடவி, துணி சுற்றி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் நைனா தூங்கிவிட்டார். தங்கை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் காதோரம் வந்தாள்.

"அக்கா, நான் நெஜமா முனகினேனா?"

"ஆமா."

"எனக்குத் தெரியலையே."

"தூங்கறவளுக்கு எப்படிடி தெரியும்?"

அவள் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு கட்டின் மேல் இடது கையை வைத்து, "லேசா வலிக்குதுக்கா" என்றாள்.

மறுநாள் கட்டோடு அவளைப் பார்த்ததும் டீச்சர் கொண்டைப் பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "என்ன ஆச்சு?" என்றார். "கொய்யா மரத்துல விழுந்தா டீச்சர்" என்றேன். அதில் பொய் இல்லையே! ஆண்டு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் டீச்சர் எங்களை மாற்றினார். நான் வாசிப்பது, அவள் இடது கையால் தாள் திருப்புவது.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. முன் வரிசையில் ஆபீசர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், மூன்றாவது வரிசையில் நைனா, பக்கத்தில் புதுப்புடவையில் அம்மா. ஒரே வேர்வை. பனையோலை விசிறிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கை என் வலது பக்கம், கட்டுப் போட்ட கையை வெளிப்பக்கமாக வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஆரம்பித்தேன். டொக் டொக் டொக். விசிறிகள் நிற்கவில்லை. யாரோ இருமினார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. முதல் தாள் முடிந்து அவள் திருப்பினாள். அந்தத் தாளின் தலையில் டீச்சர் எழுதின 'பி' இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஓங்கி அடிக்கக் கையைத் தூக்கினேன்.

அவள் இடது கை என் வலது மணிக்கட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது. அந்தக் கனத்தோடு என் விரல் இறங்கியது. பியானோ ரகசியம் பேசுகிற மாதிரி பேசியது. நானா வாசித்தேன் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் கை என் கையோடு மேலும் கீழும் போய்வந்தது. ஓரிடத்தில் தூக்கிக்கொண்டாள், சத்தம் எழுந்தது. மறுபடி வைத்தாள், அடங்கியது. ஊமைக் கட்டை வந்த இடத்தில் டீச்சர் பாடவில்லை. அந்த வெற்றிடமே சரியாக இருந்தது. விசிறிகள் நின்றுவிட்டன. ஊர்வலத்துக்கும் கோஷத்துக்கும் பழகிய அத்தனை பேரும் கழுத்தை முன்னால் நீட்டிக் கேட்டார்கள். நைனாவும்தான்.

கைதட்டல் எழுந்தபோது நான்தான் எழுந்து கும்பிட்டேன். அவள் தாளை மூடி அடுக்கிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் மெதுவாக வாசித்த ஒரே தடவை, அதுவும் அவளுடையதுதானே என்று ஆத்திரம்தான் வந்தது. கட்டுப் போட்டும் அவளை நிறுத்த முடியவில்லை!

டீச்சர் விட்டுவிடவில்லை. அவரே வீடு தேடி வந்தார். கை ஆறட்டும், சின்னவளை ஜூனில் அனுப்புங்கள் என்றார். நைனா கும்பிட்டபடி மறுத்துவிட்டார்.

"கையில பலம் இல்லாத பொண்ணும்மா. உங்களுக்குத்தான் கஷ்டம். பெரியவளைக் கூட்டினு போங்க. அன்னிக்கு எப்படி வாசிச்சா பாத்தீங்க இல்ல."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மூன்று ஆணி, ஒன்று துருப்பிடித்தது.

வேலூருக்கு நான் போனேன். அங்கே பியானோ கறுப்பாக, கண்ணாடி மாதிரி இருந்தது. எல்லாக் கட்டையும் பேசியது. நான் இரண்டு வருஷம் அதை அடித்தேன். டீச்சர் ஒருநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு, கோபமில்லாமல், "உனக்கு விரல் எல்லாம் ஒரே கனத்துல விழுது. டைப்பிங் கத்துக்கோ, நல்லா வரும்" என்றார். சொன்ன வாக்கு பலித்தது. முப்பத்து நாலு வருஷம் ஆபீசில் டைப் அடித்தேன். நான் அடித்தால் ஆறாவது கார்பன் காப்பியிலும் எழுத்து பளிச்சென்று இருக்கும். மேனேஜர்கள் என்னைச் சண்டை போட்டு வாங்கிக்கொள்வார்கள். பென்ஷனும் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறேன்.

நைனாவைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். அங்கே தங்கை தெலுங்குப் பள்ளியில் சேர்ந்தாள். அந்தப் பள்ளியில் பியானோ கிடையாது. கொஞ்ச நாள் பலகையில் வாசித்தாளாம். "கையை ஆட்டிக்கினே இருக்காதே, மறுபடி சுளுக்கிக்கும்" என்று அம்மா பலகையைப் பிடுங்கித் தண்ணீர் அண்டாவுக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். விடுமுறைக்கு வந்தபோது நான் பார்த்தேன். நனைந்து நனைந்து கட்டைகள் கரைந்து, அடியில் ஒட்டியிருந்த கிராமத்தின் வரப்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. அடுத்த விடுமுறையில் பலகையே இல்லை. மாமன் ஊர் எந்தப் பக்கம் போனது என்கிறீர்களா? அவர் கேட்ட பக்கம் போகவில்லை. சாகும்வரைக்கும் அவருக்கு நைனா மேல் வருத்தம்.

போன மாதம் திருப்பதியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பேத்திக்கு யாரோ ஒரு கீபோர்டு வாங்கிக்கொடுத்திருக்கிறார்கள். கரண்டில் வேலை செய்கிற, மலிவான ரகம். பேத்தி சினிமா பாட்டு ஒன்றை அடித்துவிட்டு, "நீ வாசி ஆயா" என்று அவள் மடியில் வைத்தது. தங்கை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இடது கையை வைத்தாள். பிறகு வலது கையை, சுடுசட்டியைத் தொடுகிற மாதிரி வைத்தாள். அந்த ஆண்டு விழாப் பாட்டு. அறுபது வருஷம் கழித்து, ஒரு இடம்கூட விடாமல்.

ஆனால் அந்தக் கீபோர்டில் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். மெதுவாக அழுத்தினாலும் கீச்சென்று கத்தியது, ஓங்கி அழுத்தினாலும் அதே கீச். அவள் இரண்டு மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுல நீயும் நானும் ஒண்ணுதான்க்கா."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேத்திதான் கெடுத்தது. "சத்தம் தலை நோவுது ஆயா" என்று சுவிட்சை அணைத்துவிட்டு விளையாடப் போய்விட்டது. தங்கை நிறுத்தவில்லை. செத்த கட்டைகள் மேல் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. விரலைப் பார்த்தே எனக்கு எங்கே பலம், எங்கே மெதுவு என்று எல்லாம் தெரிந்தது. வயிற்றில் அதே பச்சை மிளகாய். இந்த வயசிலும்!

பாட்டுக்கு நடுவில் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "இதுக்கு மேல முடியாது. புத்தூர் கட்டு போட்ட கை" என்றாள். அந்தக் கையால் அவள் குடம் தூக்கியதில்லை, மாவாட்டியதில்லை. கல்யாணமாகிப் போன வீட்டில் எதையும் இடது கையாலேயே நீட்டுகிறாள் என்று மாமியார் பேசாத பேச்சு இல்லை. எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில் இதே புத்தூர் கட்டுதான்.

"நீ இல்லன்னா இந்தக் கை எப்பவோ விளங்காம போயிருக்கும்க்கா. நான் தூக்கத்துல அழுததை யார் கவனிச்சா? நீதான் நைனா கிட்ட சொன்னே."

இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் எப்போது?

"நீ அழலைடி" என்றேன். "நான் பொய் சொன்னேன். உன் கைக்கு ஒண்ணுமே இல்ல. கட்டுக்காரரே சொன்னாரு. உன்னைத்தான் வேலூருக்குக் கேட்டாங்க, டீச்சர் எங்கிட்ட சொல்லி அனுப்பினாங்க. நான் சொல்லல. பொறாமை. அவ்ளோதான்."

அவள் தலையைச் சாய்த்து, குழந்தையைப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

"போக்கா. என்னைத் தேத்தறதுக்கு இப்படி எல்லாம் சொல்லுவியா? எனக்குத் தெரியாதா என் கையைப் பத்தி. மழைக்காலம் வந்தா குத்தி எடுக்குது."

"நெஜமாடி."

"சரி சரி. காப்பி ஆறுது."

டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினாள், இடது கையால். நான் வாங்கிக்கொண்டேன்.